மேலிருந்து வந்த கீச்சு

அணைத்து வைத்த ஒலிமானிக்கு வானத்திலிருந்து பதில் வந்துகொண்டிருந்தது.

சுன்னிவா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நிலையத்துக்கு வெளியே, அண்டார்டிகாவின் பனிமேட்டில் நிற்கும் அந்தக் கருவி வானத்தை நோக்கிக் கீச்சிடும். மேலே காற்று குலுங்கினால் கீச்சு தேய்ந்து திரும்பி வரும். அதை வைத்துத்தான் விமானம் பறக்கலாமா கூடாதா என்று அவள் சொல்வாள். போன வாரம் கூடாது என்றாள். நிலையத் தலைவர் தூர்கெய்ர் கேட்கவில்லை. அவள் ரொட்டியிலிருந்து பழுப்புச் சீஸைத் திருடித் தின்னும் விமானி எஸ்கிலை அனுப்பிவைத்தார். மலைமுகட்டுக்கு அப்பால் காற்று அவனை விமானத்தோடு உதறிப் போட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

தட்டாமலே கதவைத் திறந்தார் தூர்கெய்ர்.

"எழுதிட்டியா? காற்று அமைதின்னு ரெண்டே வார்த்தை. மந்திரியோட விமானம் அங்க காத்துக்கிட்டு நிக்குது."

"மேல குலுங்குது."

"வெளிய பாரும்மா. ஏதாவது அசையுதா?"

"அன்னைக்கும் இதையேதான் எஸ்கில்கிட்ட சொன்னீங்க."

"செத்தவனை இன்னும் எத்தனை நாளைக்கு என் தலையில கட்டுவ? உன் கருவியில பனி அடைச்சிருக்கு, அவ்வளவுதான். நானே போய்த் தட்டிவிடுறேன்."

போய்த் தொலை என்று பல்லைக் கடித்தாள்.

டீசல் புகையும் ஈரக் கம்பளியும் நாறும் அந்தச் சிறிய அறையில், குளிரில் சுவர்ப்பலகைகள் முறுகும் ஓசைக்கும் தன் மூச்சுக்கும் நடுவே, யாரும் எழுப்பாத அந்தக் கீச்சு விட்டுவிட்டு வந்தது. எங்கிருந்து வருகிறது என்பதைத் திரை காட்டியது. முதலில் மலைமுகட்டுக்கு மேலே. பிறகு முகட்டுக்குக் கீழே. பிறகு கூரை உயரத்தில்.

காற்று இப்படி இறங்காது. காற்று வழி தேடி வராது.

வாக்கி டாக்கியில் தூர்கெய்ரின் குரல் கரகரத்தது. "சுன்னிவா, நீயா அதை ஓட விட்ட? தலைக்கு மேல கீச்சுக் கீச்சுங்குது."

ஓடி வந்துடுங்க என்று சொன்னால் போதும். கை பொத்தான்வரை போனது. எஸ்கிலின் அம்மாவிடம் தொலைபேசியில் இவர் சொன்னது ஞாபகம் வந்தது: உங்க பையன் கொஞ்சம் அவசரக்காரன்.

கையை எடுத்துவிட்டாள்.

"அணைச்சுத் தொலை!"

அணைத்துத்தான் இருந்தது.

"யாரது... ஏய். ஏய்!"

அவ்வளவுதான். கீச்சும் நின்றது.

ஜன்னலுக்கு ஓடினாள். கண்ணைக் குத்தும் வெயில். ஒரு பொடிப் பனிகூடப் பறக்கவில்லை. தூர்கெய்ரின் காலடித்தடம் கருவிவரை போயிருந்தது. திரும்பவில்லை.

நிமிர்ந்தாள்.

கருவிக்கு நேர் மேலே, கூரை உயரத்தில், எந்தப் பிடியும் இல்லாமல், இரண்டு பூட்ஸ் கால்கள். உதைத்தன. மேலே போயின. சடாரென்று இறங்கின. இடப்பக்கம். வலப்பக்கம். ஈரத்துணியை உதறுவதுபோல் எதுவோ அவரை உதறியது. காற்று இல்லை. சத்தம் இல்லை.

கால்கள் உதைப்பதை நிறுத்திவிட்டன.

அவர் விழவில்லை. அசையாத நீல வானத்தில், அங்கேயே, குலுங்கிக்கொண்டிருந்தார்.