ஒன்பது நாள் முத்திரை

செவ்வாயின் தெற்குக் குடியிருப்பில் காலை ஆறு மணிக்கு அன்றைய காற்றை அளந்து விடுவார்கள். ஆறரைக்குச் செய்திப்பொறி வாசல் வாசலாக வரும். அன்று அது சலேத்மேரியின் வீட்டு முன் நின்று, கறுப்புப் பட்டை போட்ட செய்திவில்லை ஒன்றை நீட்டியது.

"கனிமீடு சுரங்கத்திலிருந்து, அம்மா. பெறுபவரின் விரல் பட்டால்தான் திறக்கும்."

வியாழனின் நிலாவான கனிமீடில் பனிச்சுரங்கம் இடிந்தது முந்தின நாளே தெரிந்துவிட்டது. அவள் கணவன் மிக்கேல் அதற்குள் இருந்தான். கறுப்புப் பட்டைக்கு, விபத்துப் பகுதியிலிருந்து வந்த செய்தி என்பது மட்டுமே பொருள். ஆனால் அந்தக் குடியிருப்பில் யாரும் அதை அப்படி எடுத்துக்கொண்டதில்லை.

மேரி வில்லையை மாதா படத்தின் முன் வைத்துவிட்டுச் செபமாலையை எடுத்தாள். பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி ஓடி வந்தாள்.

"தொறந்து பாத்திரு மேரி. என்னான்னு தெரியட்டும்."

"தொறந்தா முடிஞ்சிரும், அக்கா. தொறக்காத வரைக்கும் அவரு உயிரோடதான இருக்காரு? ஒன்பது நாள் நவநாள முடிச்சிருதேன். அப்புறம் மாதா விட்ட வழி."

"உள்ள இருக்கறது செபத்தால மாறவா போகுது?"

மேரி செபமாலையின் முதல் மணியை உருட்டத் தொடங்கினாள்.

தினமும் ஒரு வேளைதான் சாப்பிட்டாள். பாசித்தொட்டிகளைக் கழுவும்போதும் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஆறாம் நாள் மிக்கேலின் சட்டைகளை மடித்து அடுக்கினாள். அவனையே அடக்கம் செய்வதுபோல் இருக்க, எல்லாவற்றையும் கலைத்து மறுபடி கொடியில் போட்டாள்.

ஒன்பதாம் நாள் செபம் முடிந்ததும் விரலை வைத்தாள். மிக்கேலின் குரல் மெலிந்து வந்தது.

"பொழச்சிட்டேன் மேரி. இடுப்புக்குக் கீழதான் நசுங்கிப் போச்சு. உறைதுயில்ல போட்டு அங்க கொண்டு வந்தா சரியாக்கிரலாமாம். தூங்குறவன் எந்திரிக்காமலும் போகலாம்னு உன் சம்மதம் கேக்காங்க. இன்னைலருந்து பன்னெண்டாம் நாள் கப்பல். அத விட்டா நாலு வருசம், அது வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லுதாரு. சீக்கிரம் சொல்லு."

அவள் கேட்ட வரம், கேட்கத் தொடங்கும் முன்பே வந்து அவள் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்திருக்கிறது. மேரி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுதபடியே சம்மதத்தைப் பதிந்து, முத்திரையிட்டு அனுப்பினாள்.

இரண்டு மணி நேரத்தில் செய்திப்பொறி திரும்பி வந்தது.

"உங்கள் செய்தி அவர் கைக்குச் சேர்ந்துவிட்டது, அம்மா. அவர் இன்னும் திறக்கவில்லை."

"ஏன்? என்ன ஆச்சு அவருக்கு?"

"இத்தனை நாள் பதில் வராததால், உங்களுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று அஞ்சுகிறார். நவநாள் தொடங்கியிருக்கிறார். ஒன்பது நாளும் முடிந்த பிறகு திறப்பாராம்."

கப்பல் புறப்பட இன்னும் மூன்று நாள் இருந்தது.