இருபத்துமூன்றாம் எண்ணில் மீன்கள்

பெற்ற தகப்பனைக்கூட இப்போதெல்லாம் போனில்தான் எட்டிப் பார்க்கிறார்கள். கால் என்ன, தேய்ந்தா போய்விட்டது? ஓய்வுபெற்ற தபால்காரர் இப்படி முணுமுணுத்தபடிதான் பக்கத்து வீட்டுப் பெரியவரின் மகள் நீட்டிய போனை வாங்கினார். திரையில் செந்நிற மீன்கள் தூக்கத்தில் நடப்பதுபோல் நீந்தின.

“ஆபீஸ்ல இருந்து அப்பாவைப் பார்க்க வீட்டுக் கேமராவைத் திறந்தேன் ஐயா. கட்டில் இருக்க வேண்டிய இடத்துல மீன். தம்பி பொண்டாட்டிதான் கேமராவைத் திருப்பியிருக்கா. இன்னிக்கே அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுவேன்.”

நெட் இணைப்புக் கொடுக்கும், தபால்காரரின் மருமகன் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டான்.

பக்கத்து வீட்டுக்குள் நீலத் திரைச்சீலை வழியே வெயில் தண்ணீராக அசைந்தது. பெரியவர் கண்மூடிக் கிடந்தார். கேமரா அவரையே பார்த்திருந்தது. அதன் கழுத்தில் தூசி கலையவில்லை. கூடத்து மீன்தொட்டிக்கு எதிரே அதன் ஜோடிக் கேமரா. சமையலறையில் ஓவன் கடிகாரம் மாலை நான்கு மணிக்குப் பன்னிரண்டு என்று மினுக்கியது.

தம்பி மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “நான் தொடவே இல்ல அண்ணி.”

“மாப்பிள்ளை, வெளியில இருந்து எப்படிப் பார்க்கறாங்க?” என்றார் தபால்காரர்.

“ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் போட்டிருக்கு மாமா. வெளியில இருந்து இந்தக் கதவைத் தட்டினா, உள்ளே இருபத்துமூணாம் எண்ணுக்கு அனுப்புன்னு உத்தரவு.”

“அந்த எண்ணை யார் கொடுக்கறது?”

“ரவுட்டர்தான். கேட்கற கேமரா, போனுக்கெல்லாம் கேட்ட வரிசையில.”

தபால்காரர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தார். “தூசி கலையல, யாரும் திருப்பல. பன்னிரண்டுலயே மினுக்கற கடிகாரம் சொல்லுது, கரண்ட் போயிருக்கு. திரும்பி வந்ததும் மீன் கேமரா முந்திக்கிச்சு, அப்பாவோட எண்ணைப் பிடிச்சிடுச்சு. குடித்தனம் மாறினது தெரியாம தபால் பழைய கதவுக்கே போகுது. நான் முப்பது வருஷம் பார்த்த கூத்துதான்.”

மருமகன் மடிக்கணினியில் பட்டியலைத் திறந்தான். “மீன் இருபத்துமூணு, பெரியவர் இருபத்துநாலு. இனி எண் மாறாம அவர் கேமரா பேருக்கே கட்டிப்போட்டுடறேன்.”

மகள் தலை கவிழ்ந்து தம்பி மனைவியின் கையைப் பிடித்தாள்.

“அவசரமில்ல,” என்றார் உள்ளிருந்து பெரியவர். “இன்னிக்குத்தான் நீ நேர்ல வந்திருக்க. மீனே இருக்கட்டும்.”

மருமகன் கேட்கவில்லை, பொத்தானை அழுத்தினான். “இப்போ பாருங்க மாமா, பத்திரம்.”

“என்ன பத்திரம்? இவ எட்டிப் பார்க்க ரவுட்டர்ல போட்ட ஓட்டை, ஊரான் கண்ணுக்கு மட்டும் மூடிக்குமா?” என்று கேட்டுவிட்டுப் படியிறங்கி நடந்தார் தபால்காரர்.