கோணலாக ஒட்டிய பிளாஸ்திரி

கோடை விடுமுறைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஆனால் நண்டுவின் வீட்டில் பெட்டி கட்டி மூன்று மாதம் ஆகிவிட்டது.

நண்டு என்பது வீட்டில் அவளைக் கூப்பிடும் பெயர். வயது பத்து. ஆறு வயதுத் தம்பிக்குப் பொடியன் என்று பெயர்.

இத்தனை அவசரத்துக்குக் காரணம் அம்மா. அவர் ஆபரேஷன் அறை நர்ஸ். அங்கே கத்தி, கத்தரி எல்லாவற்றையும் துணியில் சுற்றி, பட்டை ஒட்டி, தேதி எழுதி வைப்பார்கள். வேளை வரும்முன் யாரும் பிரிக்கக் கூடாது. வீட்டிலும் அம்மா அப்படித்தான். அப்பாவின் பேன்ட் ஒரு பொட்டலம், நண்டுவின் பாவாடை ஒரு பொட்டலம். ஒவ்வொன்றின் மேலும் கோடு போட்ட மாதிரி நேராக ஒரு வெள்ளை பிளாஸ்திரி. அதன்மேல் நீல மையில் தேதி.

"ஊருக்குப் போற வரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாது" என்று அம்மா அன்றே சொல்லிவிட்டார்.

"மூச்சு விடலாமா?" என்று கேட்டார் அப்பா. அவர் பேக்கரியில் ரொட்டி சுடுபவர்.

இந்த வருடம் அத்தை ஊர் மலையில் ஏறி அருவியைப் பார்க்கப்போகிறார்கள். அதற்காகவே பொடியனுக்கு நீல நிற ஷூ வாங்கினார்கள். வாங்கிய அன்று அப்பா, "ஷூ சரியா இல்லாதவங்களுக்கு மலை கிடையாது. அத்தை வீட்டுக் கோழியை மேய்ச்சுக்கிட்டு உட்கார வேண்டியதுதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா அந்த ஷூப் பெட்டிக்கும் பிளாஸ்திரி ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டார்.

அதெல்லாம் பழைய கதை. ஒரு வாரமாகப் பொடியன்தான் சரியில்லை.

அப்பா கொண்டுவரும் பன்னில் மூன்றை ஒரே மூச்சில் முடிப்பவன், இப்போது பாதியைத் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறான்.

"பசிக்கல."

"உனக்கா?" என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் பாயில் சுருண்டு படுத்திருந்தான். முழங்கால் மூக்கைத் தொட்டது.

"ஏன்டா இறால் மாதிரி படுத்திருக்க? காலை நீட்டு" என்றாள் நண்டு.

"மாட்டேன். நீட்டினா வளர்ந்துடும்."

நண்டுவுக்கு ஒன்றும் புரியவில்லை. அலமாரிப் பக்கம் பார்த்தாள். பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. ஷூப் பெட்டியின் பிளாஸ்திரி மட்டும் கோணலாக ஒட்டியிருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினாலும் அப்படி ஒட்டமாட்டார்.

"பொடியா, ஷூவைத் திறந்தியா?"

அவன் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். உதடு பிதுங்கியது.

"ஒரே ஒரு தடவைதான் அக்கா. போட்டுப் பார்த்தேன். விரல் முட்டுது. நிறைய சாப்பிட்டா நல்லா வளரலாம்னு டீச்சர் சொன்னாங்க. அதான் சாப்பிடறதில்ல. அம்மாகிட்ட சொல்லாத. என்னைக் கோழி மேய்க்க விட்டுட்டுப் போயிடுவாங்க."

"சொல்ல மாட்டேன்" என்றாள் நண்டு. சொல்லிய பிறகுதான் யோசித்தாள். சொல்லாமலும் இருக்க வேண்டும், தம்பி சாப்பிடவும் வேண்டும். நல்ல வம்பு!

ஒரு மணி நேரம் கழித்து அம்மாவிடம் போனாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அப்பா பன் தின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, ஆஸ்பத்திரில ஒட்டி வெச்ச பொட்டலம் எத்தனை நாள் தாங்கும்?"

"அது பொட்டலத்தைப் பொறுத்தது. அதுக்குத்தான் தேதி போடறோம்."

"அந்தத் தேதி தாண்டிட்டா?"

"அப்படியே எடுத்துக்கிட்டுப் போக முடியாது. பிரிச்சு, ஒவ்வொண்ணாப் பார்த்து, திரும்பத் தயார் பண்ணணும்."

"நம்ம பொட்டலத்துல ஒட்டின தேதி மட்டும்தானே போட்டிருக்க. எதுவரைக்கும் தாங்கும்னு போடலையே?"

அம்மாவின் கை நின்றது. "பேன்ட் சட்டை எல்லாம் கெட்டாடி போகும்?"

"பேன்ட் கெடாது. அதைப் போட்டுக்கறவங்க?"

இருவரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா பன்னை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

ஐந்து நிமிடத்தில் எல்லாப் பொட்டலங்களும் நடுக்கூடத்துக்கு வந்தன. முதலில் அப்பாவின் பேன்ட். பட்டன் ஒரு பக்கம், ஓட்டை ஒரு பக்கம். நடுவில் அப்பா.

"மூச்சை உள்ள இழுங்க" என்றார் அம்மா.

"இழுத்துட்டேன்."

"இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல இழுத்தா முதுகு வழியா வெளிய வந்துடுவேன்!"

நண்டுவின் பாவாடை முழங்காலுக்கு மேலே நின்றது. "இதைப் பொம்மைக்குத்தான் போடணும்" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். அம்மாவும் சிரித்துவிட்டார்.

அடுத்து ஷூப் பெட்டி.

அம்மா கோணல் பிளாஸ்திரியைப் பார்த்தார். பிறகு நண்டுவைப் பார்த்தார். நண்டு மின்விசிறியைப் பார்த்தாள். அம்மா பிளாஸ்திரியைப் பிரித்து, ஷூவை எடுத்துப் பொடியன் முன்னால் வைத்தார்.

பொடியன் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்று பார்த்தான். இடுப்பில் பூட்டாத பேன்ட்டோடு நின்ற அப்பாவைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தான். அப்புறம் அவனாகவே சொன்னான்.

"எனக்கும் பத்தல அம்மா. ஆனா நான் சாப்பாட்டைக் குறைச்சுட்டேன். இன்னும் பத்து நாள் இருக்குல்ல, கால் சின்னதாயிடும். என்னையும் மலைக்குக் கூட்டிட்டுப் போங்க."

அம்மா அவனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உன்னை விட்டுட்டுப் போவோம்னு யாருடா சொன்னது?" என்றார் அப்பா.

"நீங்கதான். ஷூ வாங்கின அன்னிக்கு."

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். "அடடா, அது விளையாட்டுக்குச் சொன்னதுடா. தப்பு என்மேலதான். வெறுங்காலோட நின்னாலும் உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போவேன்."

"பேன்ட் கழண்டுடுமே" என்றான் பொடியன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சாயங்காலம் நால்வரும் செருப்புக்கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஷூவைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். அதில் ஒரு தூசிகூட இல்லை.

"மூணு மாசமாச்சே! ஆனா இன்னிக்கு வாங்கின மாதிரி வெச்சிருக்கீங்க. மாத்தித் தரேன்" என்றார். "ஊருக்குக் கிளம்பற அன்னிக்குக் காலைல, ஷூ பத்தலைன்னு ஓடி வர்றவங்களைத்தான் நான் பார்த்திருக்கேன்."

அம்மாவுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

வேறு ஒரு ஜோடி வந்தது. இதுவும் நீலம். பொடியன் போட்டுக்கொண்டு நின்றான். கடைக்காரர் குனிந்து ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"சரியா இருக்கு."

"இல்லையே, முன்னாடி காலியா இருக்கே. இந்த இடம் எதுக்கு?" என்று கேட்டான் பொடியன்.

"அது நீ வளர்றதுக்குத் தம்பி."

பொடியன் உள்ளே விரல்களை ஆட்டிப் பார்த்தான். நன்றாக ஆடின.

"அப்போ நான் வளரலாமா?"

"தாராளமா" என்றார் கடைக்காரர்.