உறைய வைத்த சாட்சி

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கிட்ட. கதவைச் சாத்த வேண்டாம், திறந்தே இருக்கட்டும். ஏன்னு கேட்காதீங்க, கதை முடியறப்போ உங்களுக்கே தெரியும். கொஞ்சம் நடுங்க வைக்கிற கதைதான்... பக்கத்துல நான் இருக்கேன்.

மூன்றாம் குளிர் அறையைத் திறந்தபோது அவன் கதவோரம் மண்டியிட்டிருந்தான்.

தூக்கினார்கள். முழங்கால் நிமிரவில்லை.

மூக்குக்கண்ணாடி முழுக்க வெள்ளையாய்ப் பனி. வலது கட்டைவிரல் அவசர மணியின் பொத்தான் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

மருந்துக் கிடங்கின் சரக்குப் பரிசோதகன். எல்லோருக்கும் அவன் 'கண்ணாடி'.

இன்ஸ்பெக்டர் அந்த விரலையே பார்த்தார்.

"மணி அடிச்சிருக்கான். கேட்க வேண்டியவன் எங்கய்யா போனான்?"

கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர் முன்னால் வந்தான். 

"யார்டுக்குப் போ, லாரி வருதுன்னு ஸ்கிரீன்ல மேனேஜர் மெசேஜ் போட்டார் சார். மத்தியானம் பூரா வெயில்ல நின்னேன். லாரியே வரலை."

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். சாயங்காலம் செய்தி கேட்டு வீட்டிலிருந்து ஓடி வந்தவர்.

"நான் லீவுலப்பா. உனக்கு எதுக்கு மெசேஜ் போடறேன்?"

"ஸ்கிரீன்ல இருக்கு சார். மிஷினை அப்படியே உறைய வச்சிருக்கேன். யாரும் தொடாதீங்க."

"ஏற்கெனவே ஒண்ணு உறைஞ்சு கிடக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "நீ வேறயா?"

விஷயம் இதுதான். அறைக் கதவுகளைப் பூட்டித் திறக்கும் புரோகிராம் அரதப் பழசு. புது விண்டோஸில் ஓடாது. அதனால் ஒரு கம்ப்யூட்டருக்குள் பொய்யாய் இன்னொரு கம்ப்யூட்டரை உருவாக்கும் சாஃப்ட்வேர் போட்டு, அந்தப் பொய் மிஷினுக்குள் ஓட்டினார்கள். யார் எதை எங்கிருந்து அமுக்கினார்கள் என்பது திரையில் மட்டும் தெரியும். எங்கும் பதிவாகாது. அணைத்தால் போச்சு. உறைய வைத்தால், அந்த நொடி அப்படியே நிற்கும்.

ஆபரேட்டர் புத்திசாலித்தனமாக உறைய வைத்தான்.

மறுநாளே மேனேஜர் அந்த சாஃப்ட்வேரைப் புது வெர்ஷனுக்கு மாற்றினார். "ஹெட் ஆபீஸ் உத்தரவு சார். நான் என்ன செய்ய..."

பழைய வெர்ஷன் உறைய வைத்ததைப் புது வெர்ஷன் திறக்காது.

சாட்சியின் வாய் அடைபட்டது. ஆபரேட்டர் கையில் விலங்கு ஏறியது.

சிறையில், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருந்தான். இந்தப் பக்கம் அவன் மனைவி. வீட்டிலிருந்தே கடைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பவள்.

"ஏங்க, பழைய வெர்ஷன் எங்கேயும் கிடைக்கலை. கம்பெனிக்காரங்களே நெட்லேர்ந்து எடுத்துட்டாங்க."

"சோர்ஸ் கோடு?"

"அதை எழுதின மூலக் கோடுதானே? அது மட்டும் நெட்ல இருக்கு."

"அப்போ நீயே செஞ்சுடேன்."

"என்னமோ இட்லி சுடச் சொல்ற மாதிரி சொல்றீங்க. அது எந்தக் காலத்துக் கோடு தெரியுமா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"வக்கீல் ஆயுள்னு சொல்றார்," என்றான் மெதுவாக.

அவள் எழுந்துவிட்டாள். அழுவதற்கு நேரமில்லை.

வீட்டில் அவளுக்குத் துணை நாத்தனார்தான். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, ஒரே சிவப்பா ஓடுது?"

"கோடைப் புரோகிராமா மாத்தித் தர்ற புது கம்பைலர் இதைத் தப்புத் தப்புன்னு தள்ளுது. அந்தக் காலத்துக் கோடுக்கு அந்தக் காலத்துக் கம்பைலர்தான் வேணும்."

பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடையில் தூசி தட்டி அந்தக் கம்பைலர் டிஸ்க் ஒன்றை வாங்கி வந்தாள். போட்டாள். ஓடியது... நின்றது.

"இப்ப என்னவாம்?"

"ஃபோல்டர் பேர்ல இடைவெளி இருக்காம். அது பிடிக்கலையாம்."

"எங்க மாமியாரை விட மோசமா இருக்கும் போலிருக்கே."

அவளையும் மீறிச் சிரிப்பு வந்தது. புருஷன் சிறைக்குப் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

ஒருவழியாகச் சிவப்பு நின்றது. சாஃப்ட்வேர் பிறந்தது. ஆனால் அது ஓடத் தேவையான டிரைவர் என்ற குட்டிப் புரோகிராமை உள்ளே விட விண்டோஸ் மறுத்தது. அதற்கும் வழி கண்டுபிடித்தாள்.

அங்கே மேனேஜரோ உறைந்த ஃபைலைக் கொடுக்காமல் இழுத்தடித்தார். அனுமதி வரணும், கையெழுத்து வரணும் என்று சாக்கு. கோர்ட் உத்தரவு வந்த பிறகுதான் கொடுத்தார்.

"அந்த ஃபைலை நான் அன்னைக்கே எடுத்திருக்கணும்," என்றார் இன்ஸ்பெக்டர் அவளிடம். "என் தப்பும்மா."

கண்ட்ரோல் ரூம். காலை வெளிச்சம். மேனேஜர், இன்ஸ்பெக்டர், அவள்.

தன் லேப்டாப்பைத் திறந்தாள். திரையின் வலது கீழ் மூலையில் சின்னதாக 'டெஸ்ட் மோட்' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"அது என்னம்மா மூலையில? தூசியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லை சார். நாமளே செஞ்ச டிரைவரை விண்டோஸ் நம்பாது. டெஸ்ட் மோட்ல போட்டாத்தான் ஏத்திக்கும். அதுக்குப் பதிலா மூலையில இப்படி எழுதி வச்சிடும்."

"நெத்தியில பச்சை குத்தின மாதிரின்னு சொல்லு."

மேனேஜர் லேசாகச் சிரித்தார். "நானும் ஒரு காலத்துல கோடு எழுதினவன்தான் சார். இப்ப மெயில் அனுப்பத்தான் தெரியும்."

அவள் ஃபைலை ஏற்றினாள். விரல் சில்லிட்டிருந்தது.

உறைந்த மிஷின் கண் விழித்தது.

'அறை மூன்று - அவசர மணி.'

'மணி நிறுத்தப்பட்டது - ஆபரேட்டர் மேஜை.'

'அவசர மணி.'

'மணி நிறுத்தப்பட்டது - ஆபரேட்டர் மேஜை.'

மேலிருந்து கீழ் வரை அதேதான். யார்டுக்குப் போ என்ற மெசேஜ் எங்குமே இல்லை.

அவள் மேலே போய்ப் பார்த்தாள். கீழே வந்து பார்த்தாள். இல்லை...

"இல்லை சார்," என்றாள்.  "அவர் பொய் சொல்ல மாட்டார்."

"ஏம்மா... நீ திறந்த சாட்சிதானே?"

மேனேஜர் அவள் தோளருகே குனிந்தார். "வருத்தப்படாதேம்மா. தூக்கக் கலக்கத்துல அமுக்கியிருப்பான். சார், நான் இப்பவே ஹெட் ஆபீசுக்கு மெயில் அனுப்பிடறேன். காத்துக்கிட்டிருக்காங்க."

பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்தார். திறந்தார். பாஸ்வேர்டைத் தட்டினார்.

இன்ஸ்பெக்டருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கண் தெரியும்.

"ஏம்மா, அந்தப் பச்சை குத்தறது... எல்லா மிஷின்லயும் வருமா?"

"வராது சார். என்னை மாதிரி சொந்த டிரைவர் ஏத்தினாத்தான்."

"அப்போ மெயில் அனுப்ப மட்டும் தெரிஞ்சவருக்கு எதுக்குப் பச்சை?"

அவள் திரும்பினாள்.

மேனேஜரின் திரை. வலது கீழ் மூலை. அதே இரண்டு வார்த்தை.

மேனேஜர் படாரென்று மூடப் போனார். நடுவில் இன்ஸ்பெக்டரின் கை.

"மெதுவா சார். விரல் நசுங்கினா அதுக்குத் தனி கேஸ்."

"அது... மருமகன் ஏதோ கேம் போட்டான்..."

அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இவரும் பழைய வெர்ஷனைச் செஞ்சிருக்கார் சார். நான் செய்யறேன்னு தெரிஞ்சதும் முந்திக்கிட்டார். உறைஞ்சதைத் திறந்து, திரையில இருந்ததை அழிச்சு, கடிகாரத்தைப் பின்னாடி தள்ளி, இந்த மேஜையிலிருந்து அமுக்கின மாதிரி நடிச்சு, மறுபடி உறைய வச்சுக் கொடுத்திருக்கார்."

"நிரூபிக்க முடியுமா?" என்றார் மேனேஜர். "அசல் எங்கே? அழிஞ்சது அழிஞ்சதுதான்."

"கோடு எழுதினவன்னு சொன்னீங்களே சார்." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "எங்க ஆளுங்க எதையும் மாத்தறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வைப்பாங்க. புத்தி வேணாம்னாலும் கை கேட்காது. இன்ஸ்பெக்டர் சார், பேக்கப்னு ஒரு ஃபோல்டர் இருக்கான்னு பாருங்க."

இருந்தது.

மேனேஜர் நாற்காலியில் சரிந்தார்.

அசலை அவள் தன் லேப்டாப்பில் ஏற்றினாள். திரை விழித்தது.

'ஆபரேட்டருக்கு: யார்டுக்குப் போ. லாரி வருது - மேலாளர் லேப்டாப்.'

'அறை மூன்று பூட்டப்பட்டது - மேலாளர் லேப்டாப்.'

'அவசர மணி.'

'மணி நிறுத்தப்பட்டது - மேலாளர் லேப்டாப்.'

மணி... நிறுத்தம். மணி... நிறுத்தம். பக்கத்திலிருந்த நேரங்களின் இடைவெளி போகப் போகக் கூடிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு நிறுத்தம். அதற்குப் பிறகு மணியே இல்லை.



"வீட்ல சோபாவுல உட்கார்ந்துக்கிட்டா செஞ்சீங்க?" இன்ஸ்பெக்டர் தணிந்த குரலில் கேட்டார்.

"கரண்ட் போய் மருந்தெல்லாம் கெட்டுப்போச்சு," மேனேஜர் தரையைப் பார்த்துச் சொன்னார். "பரவாயில்லை, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்னேன். குழந்தைங்களுக்குப் போடற மருந்து, விட மாட்டேன்னான் கண்ணாடி. எவ்வளவோ சொன்னேன் சார்..."

"அவனும் எவ்வளவோ மணி அடிச்சான்."

அவள் போனை எடுத்து நாத்தனாரை அழைத்தாள். "உங்க அண்ணன் வந்துடுவார்" என்று சொல்ல நினைத்தாள். வார்த்தை வரவில்லை. அந்தப் பக்கம் நாத்தனார்தான் பேசினாள்: "புரிஞ்சுது அண்ணி. முதல்ல தண்ணி குடிங்க."

விலங்கு மாட்டும்போது மேனேஜர் முனகினார். "லாக்கப்... எப்படி இருக்கும் சார்?"

"உங்களுக்குப் பழக்கமான ஏற்பாடுதான்," என்றார் இன்ஸ்பெக்டர். "வெளியிலிருந்துதான் பூட்டுவோம்."

அவ்வளவுதான் கண்ணுகளா. பத்திரமாப் போங்க. உங்க வீட்ல கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர ஆள் எப்பவும் இருக்கட்டும். உங்க பிள்ளைங்க குடிக்கிற மருந்து சுத்தமா இருக்கட்டும். உங்க வீட்டுக் கதவெல்லாம்... உள்ளேயிருந்தும் திறக்கட்டும்.