குழிச்சோளம்

மத்தியானச் சாப்பாட்டில் முடி கிடந்தது. கதிர்வேல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீரபாண்டியில் பனியன் கம்பெனி நடத்துகிறவன், நூல் பிசிறையும் பஞ்சுத் துகளையும் தினம் தின்று செரித்தவன், ஒரு முடிக்கா முகம் சுளிப்பான்? விரல் நுனியில் பிடித்து இழுத்தான். அது வந்துகொண்டே இருந்தது. பருப்புக்கு அடியிலிருந்து, சோற்றைப் பிளந்துகொண்டு, ஈரமாக, வழவழவென்று, கை நீளத்துக்கும் மேல் வந்து, டிபன் டப்பாவின் அடியில் எதிலோ சிக்கியதுபோல ஒரு கணம் நின்று, பிறகு விட்டுக்கொடுத்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் மனைவி மயிலாள் போன வாரம்தான் பழனியில் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மகள் தேஜஸ்ரீக்குக் கழுத்தோடு கத்தரித்த முடி. அந்த வீட்டில் கை நீள முடி யாருக்கும் கிடையாது.

முடியைவிட மோசம் அதோடு வந்த வாடை. சாயத்தண்ணீர் நாற்றத்தில் வளர்ந்த மூக்கு கதிர்வேலுடையது. நொய்யல் கருப்பாக ஓடும் நாளில்கூட ஜன்னலோரம் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவான். இது வேறு. காற்றுப் புகாமல் அடைத்து வைத்த தானியம் தன் சூட்டிலேயே வெந்து புளித்தால் வருகிற வாடை அது. அந்தப் புளிப்புக்குள் இன்னொன்றும் ஒளிந்திருந்தது, கொஞ்சம் இனிப்பாக, கொழுப்பு உருகினதுபோல. வாயைக் கொப்பளித்தும் அது நாக்கை விட்டு இறங்கவில்லை. சாயங்காலம் வரை எச்சில் விழுங்கவே அருவருப்பாக இருந்தது அவனுக்கு.

அன்றைக்கு அவன் மேஜைமேல் ஒரு பழைய பத்திரத்தின் நகல் கிடந்தது. அதைத் தேடித்தான் இத்தனை மாதமாகப் பதிவு அலுவலகத்துக்கும் ரெக்கார்ட் ரூமுக்கும் வேலைவெட்டியை விட்டுவிட்டு அலைந்தான். எல்லாம் மகளுக்காக. குலதெய்வக் கோயிலில் கும்பாபிஷேகம் வருகிறது. அங்காளி பங்காளிகள் ஒவ்வொருவர் வம்சத்தையும் கல்லில் வெட்டப் போகிறார்கள். கதிர்வேல் தவமிருந்து பெற்ற ஒரே பெண் தேஜஸ்ரீ. அவள் பேரையும் வெட்ட வேண்டும் என்று கமிட்டியில் கேட்டதற்கு, தலைவர் மகுடேஸ்வரன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

"பொண்ணுங்க வேற குலத்துக்குப் போறவங்க கதிர்வேலு. அதுக பேர வெட்டற பழக்கமில்லீங்க. உங்க பாட்டம்பூட்டன் காலத்துல ஒரு பொம்பளப் பேராச்சும் சொல்லுங்க பாப்போம், அப்பறம் உங்க புள்ள பேரையும் வெட்டிப்போடலாம்."

கூட்டமே சிரித்தது. மகள் பேர் கல்லில் ஏறாவிட்டால் தன் வீடு தன்னோடு முடிந்தது என்று அன்றைக்கே கதிர்வேலுக்கு நெஞ்சில் ஒரு முள் தைத்துவிட்டது. அவனுக்கு ஒன்று பிடித்துவிட்டால் அதை விட்டு இறங்க மாட்டான். முன்னோர் பொங்கியண்ணன் வரைக்கும் அவனுக்குத் தெரியும்: நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி தாது வருசப் பஞ்சத்தில் ஊரே ஓடிப்போனபோது ஓடாமல் நின்று, பொங்கலூரில் காட்டுக்குமேல் காடு வாங்கிப்போட்ட பெரிய விவசாயி. அவர் மனைவி யார், மக்கள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. பத்திரம் சொன்னது. பஞ்சத்துக்கு முந்தி பொங்கியண்ணனின் மாமனார் எழுதியது: தன் மகள் தெய்வாத்தாளுக்கும், அவள் வயிற்றுப் பெண்கள் நாச்சக்காள், குப்பாத்தாளுக்கும் கிணற்றோடு ஒரு தோட்டம். பஞ்சத்துக்குப் பின்னால் வந்த பத்திரங்களில் அந்தத் தோட்டம் பொங்கியண்ணன் பேரில் இருந்தது. மனைவி இடத்தில் வேறொருத்தி, அவளுக்கு ஒரு மகன். அந்த மகன் வழிதான் கதிர்வேல். மற்ற மூன்று பேரும் எங்கே போனார்கள் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அதைப் பற்றி அவன் கவலைப்படவும் இல்லை. கேட்டது பெண் பேர்; ஒன்றுக்கு மூன்றாகக் கிடைத்துவிட்டது.

வருகிறவன் போகிறவனிடமெல்லாம் காட்டினான். கட்டிங் வேஸ்ட் எடுக்க வந்த ராயபுரம் மீரா சாகிப்பிடமும் காட்டினான். இருவரும் ஒரே வயது, நெடுநாள் பழக்கம். பேரைக் கேட்டதும் மீரா சாகிப் காகிதத்திலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"பொங்கலூர்ப் பொங்கியண்ணனுங்களா? அது உங்க ஊடுங்களா?"

"ஆமா பாய். ஏனுங்க?"

"எங்க ஊட்ல அந்தக் காலத்துல ராயபுரத்துல தானியக் கட வச்சிருந்தாங்க. பஞ்சத்துல அவரு குழிச்சோளம் கொண்டாந்து போட்டாருன்னு ஒரு பேச்சு உண்டுங்க."

கொங்கு நாட்டில் அப்போது சோளத்தை மண்ணுக்கடியில் பானைபோலக் குழி வெட்டி, வைக்கோல் பரப்பிக் கொட்டி, வாயைக் கல்லால் மூடி, மேலே மண் பூசி வைப்பார்கள். குழியைத் திறந்ததும் யாரும் இறங்க மாட்டார்கள். முதலில் விளக்கை இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் உள்ளே மூச்சுக்குக் காற்றில்லை என்று அர்த்தம். அது கதிர்வேலும் கேள்விப்பட்ட சங்கதிதான்.

"சரி, போட்டாரு. அதுக்கென்ன?"

மீரா சாகிப் வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வள்ளப்படியில அளக்கையில, சோளத்துல முடி சுத்துச்சாமுங்க. நீள முடி. பிடி பிடியா. கட மொதலாளி வாந்தியெடுத்துப்போட்டு, மூட்டையெல்லாம் திருப்பி வண்டியேத்தி உட்டுட்டாராம்."

"அப்பறம் அந்தச் சோளத்த என்ன பண்ணுனாராம்?"

"தின்னிருப்பாங்க. பஞ்சமில்லீங்களா?"

கதிர்வேல் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. காகிதத்தில் காணாமல் போன அந்த மூன்று பெண்களும் நினைவுக்கு வந்தார்கள். பொங்கியண்ணன் தின்றிருப்பார். புதுப் பெண்டாட்டி தின்றிருப்பாள். அவள் வயிற்றில் இருந்த பிள்ளை அந்தச் சோளத்தில்தான் வளர்ந்திருக்கும். அந்தப் பிள்ளையின் ரத்தம்தான் இந்தக் கையில் ஓடுகிறது. தன் தோலையே உரித்து எங்காவது எறிந்துவிட்டு வரலாம்போல இருந்தது. அன்றிரவு சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தான்.

ஆனாலும் மனுசன் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வதில் கெட்டிக்காரன். புரட்டாசி அமாவாசை வந்தது. பேர் தெரியாமல் இத்தனை தலைமுறை பட்டினி கிடந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒருவாய் சோறு போட்டால் எல்லாம் சரியாகும் என்று முடிவு கட்டினான். பொங்கலூர்த் தோட்டத்து வீட்டுக்கு மூவரும் போனார்கள். பழைய வீடு, இரண்டு வருசத்துக்கு முந்திதான் டைல்ஸ் போட்டிருந்தான். சாமி அறையில் தரையைப் பேர்த்தபோது வட்டமாக ஒரு பெரிய கல் வந்தது. கொத்தனார் என்ன செய்வது என்று கேட்டதற்கு, அதன் மேலேயே கான்கிரீட்டைக் கொட்டச் சொல்லிவிட்டான்.

அந்தத் தரையில்தான் இலை போட்டார்கள். அரசாணிக்காய்ப் பொரியல், பருப்பு, வடை, பாயசம். பழைய ஆட்களுக்குப் பழைய சாப்பாடு என்று சோளச்சோறும் ஆக்கச் சொல்லியிருந்தான். தேஜஸ்ரீ குனிந்து இலைக்கு இலை தண்ணீர் டம்ளர் வைத்துக்கொண்டு வந்தாள். வானம் மூடிக்கொண்டு, உச்சிப் பொழுதிலேயே அறைக்குள் விளக்கு வெளிச்சம்தான் இருந்தது.

படையல் போட்டதும் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பது ஊர் வழக்கம். பெரியவர்கள் வந்து கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று. இந்த வீட்டில் மட்டும் அது கிடையாது. கதவு விரியத் திறந்தே இருக்கும்.

"சாத்தாதீங்க," என்றாள் மயிலாள். "நான் கட்டிக்கிட்டு வந்த அன்னைக்கே அத்த சொன்னாங்க. இந்த ஊட்டுல படையலுக்குக் கதவச் சாத்தப்படாதுன்னு."

"ஏன்னு சொன்னாங்களா?"

"அவிங்களுக்கே தெரியாதுங்க."

"தெரியாமத்தான் இத்தன வருசம் தப்பாப் பண்ணியிருக்கறாங்க. நாம நின்னு பாத்துட்டிருந்தா அவுங்க எப்படிச் சாப்புடுவாங்க? நீ போய் நமக்கு இலை நறுக்கு."

மயிலாள் முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள். கதிர்வேல் வாசற்படியில் நின்று கண்ணை மூடிக் கைகூப்பினான். "தெய்வாத்தா, நாச்சக்கா, குப்பாத்தா... எல்லாரும் வந்து வயிறாரச் சாப்புடுங்க." பிறகு, "கண்ணு, வெளிய வந்துரு," என்றான். ஒரு சின்னக் கை வந்து அவன் இடதுகை விரலைப் பிடித்துக்கொண்டது. கண்ணைத் திறக்காமலே கதவை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம், வெளியே தென்னை ஓலையில் காற்று, எங்கோ தள்ளி பைபாஸில் லாரி போகிற இரைச்சல், எல்லாம் வழக்கம்போல இருந்தன. பிறகு உள்ளே மெல்லும் சத்தம் கேட்டது. சோறு மெல்லும் சத்தமல்ல. காய்ந்த தானியத்தைப் பல்லால் அரைக்கிற சத்தம். ஒரு வாயில்லை, இரண்டு மூன்று வாய். மென்றார்கள், விழுங்கினார்கள், விரலைச் சப்பினார்கள், இலையை நக்கினார்கள். நக்கிய நாக்கு டைல்ஸ் தரையையும் தொட்டு நக்கியது. ஈரமாக, நீளமாக, விடாமல். கதவிடுக்கில் அந்த வாடை கசிந்து வந்தது. புளிப்பு. உள்ளே இனிப்பு.

அவன் வலதுகையால் மூக்கைப் பொத்தினான்.

மெல்லும் சத்தம் நின்றது.

கதவின் உள்பக்கம், கீழே, அவன் முழங்கால் உயரத்தில், நகம் கீறியது.

"அப்பா."

தேஜஸ்ரீயின் குரல்.

"அப்பா, கதவத் தொறங்கப்பா. இருட்டா இருக்குதுப்பா."

அவள் கை தன் கைக்குள் இருக்கிறதே என்று நினைத்தான். நினைத்தபோதுதான் அந்தக் கையை உணர்ந்தான். ஈரம். பிசுபிசுப்பு. விரல்களில் சதையே இல்லாததுபோல ஒரு மெலிவு.

குனிந்து பார்க்கவில்லை. தாழ்ப்பாளைத் தட்டித் திறந்து உள்ளே பாய்ந்தான்.

அறையில் யாரும் இல்லை.

விளக்கு அணைந்திருந்தது. இலைகள் துடைத்து எடுத்ததுபோல இருந்தன. டம்ளர்கள் வரிசையாக, வைத்தது வைத்தபடி.

"அப்பா!"

காலுக்கு அடியில். டைல்ஸுக்கு அடியில். கான்கிரீட்டுக்கும் அந்த வட்டக் கல்லுக்கும் அடியில்.

"மூச்சு முட்டுதுப்பா..."

கதிர்வேல் விழுந்து தரையைப் பிறாண்டினான். நகம் பெயர்ந்தது. நெற்றியால் முட்டினான். குத்துவிளக்கைத் தூக்கி அடித்தான். டைல்ஸில் ஒரு கீறல் விழுந்தது, அவ்வளவுதான். "கடப்பாரை! மயிலா, கடப்பாரை எடுத்தா!"

வாசற்படியிலிருந்து ஒரு குழந்தைக் குரல் பதில் சொன்னது. மரியாதையாக, மெதுவாக.

"அய்யா, இந்தத் தடவ நான் வெளிய இருக்கறனுங்க."

அவன் திரும்பினான். தேஜஸ்ரீ நின்றிருந்தாள். அவள் பாவாடை. அவள் முகம். அவள் அவனை ஒருநாளும் அய்யா என்று கூப்பிட்டதில்லை; அது அந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்பனைக் கூப்பிட்ட சொல்.

மயிலாள் சோற்றுக் கிண்ணமும் கையுமாக ஓடிவந்தாள். தரையில் ரத்தக் கையோடு கிடக்கும் புருசனைப் பார்த்தாள், வாசலில் நிற்கும் பிள்ளையைப் பார்த்தாள், பிள்ளையை வாரி இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, என்னாச்சுங்க? புள்ள பயந்து நடுங்குதுங்க!"

"அது இல்ல... கீழ... கேளு மயிலா, கீழ கேளு!"

அவள் காது கொடுத்துக் கேட்டாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். அவனுக்குத் தெளிவாகக் கேட்டது: தட், தட் என்று ஒரு சின்னக் கை, நேரம் விட்டு நேரம் விட்டு. அவள் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினாள். கண் கலங்கியது. அது அவனுக்காகக் கலங்கியது.

"ஒண்ணுமில்லீங்க. காலையிலிருந்து வெறும் வயிறு உங்களுக்கு. மொதல்ல புள்ளைக்கு ஒருவா போட்டுட்டு வந்தர்றனுங்க. கண்ணு, பசிக்குதா சாமி?"

பிள்ளை தலையசைத்தது.

மயிலாள் வாசலிலேயே உட்கார்ந்து, கையில் இருந்த கிண்ணத்துச் சோற்றைப் பிசைந்து, உருட்டி, "ஆ காட்டு," என்றாள். பிள்ளை அவள் தோளுக்கு மேலாகக் கதிர்வேலைப் பார்த்தபடி வாயைத் திறந்தது. அண்ணத்திலும் நாக்கிலும் ஈறிலும் இடமில்லாமல், தொண்டை வரைக்கும், ஊறி முளைவிட்ட சோளம் கெட்டியாக அடைந்திருந்தது. வெள்ளை முளைகள் நெளிந்தன. மயிலாள் ஒன்றும் பார்க்காதவளாக அதன்மேல் சோற்றை வைத்து, பெருவிரலால் உள்ளே தள்ளினாள். தரைக்கு அடியில் தட்டுகிற சத்தத்துக்கு இடையில் இடைவெளி கூடிக்கொண்டே போனது.