தூங்கிவிடும் சாலை

நெடுந்திட்டுச் சாலையில் அன்று காலை ஆறு மணியிலிருந்து பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன. சாலையும் கல்லாக இருந்தது. சாலை கல்லாக இருப்பதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்கள் அந்தப் பக்கம் வந்ததில்லை. நெடுந்திட்டுத் தீவிலிருந்து கரைக்குப் பதினோரு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கடல், அடியில் வெறும் மணல். தார் போட்ட காலத்தில் மூன்று புயல் வந்தது, மூன்று முறையும் கடல் சாலையைப் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு போனது. நாலாவது முறை ஒப்பந்தக்காரர்களைக் கூப்பிடாமல் சாலையை வளர்த்தார்கள்.

வளர்த்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு கட்டும் குணத்தைப் பவளப்பூச்சியிடமிருந்தும், தோலைக் கடல் அட்டையிடமிருந்தும் வாங்கி உண்டாக்கிய உயிர் அது. தரைத்தோல் என்று பெயர். கடல் அட்டையைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், தொட்டதும் விறைத்துக் கட்டையாகும், சும்மா விட்டால் கொழகொழவென்று தளரும். தரைத்தோலும் அப்படித்தான், மேலே நடமாட்டம் இருந்தால் இறுகிவிடும். இரவில் கொஞ்சம் தளர்ந்தாலும் விடியலில் மீன் வண்டிகள் எழுப்பிவிடும். தன் பள்ளத்தைத் தானே அடைத்துக்கொள்ளும், கடல் அரித்த விளிம்பை ஒரு வாரத்தில் வளர்த்துக்கொள்ளும். ஏழு வருஷமாக அதன்மேல் யாரும் ஒரு சட்டி மண் போட்டதில்லை.

அந்தச் சாலையின் பொறுப்புப் பொறியாளர் சகர்பான். அதை வளர்த்த குழுவில் அவளும் ஒருத்தி. பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோலவே அதைப் பற்றிப் பேசுவாள், கேட்பவர்களுக்குக் கொட்டாவி வந்தாலும் நிறுத்தமாட்டாள்.

புயல் மாலை ஆறு மணிக்குக் கரையைத் தொடும் என்று அறிவித்திருந்தார்கள். பகல் பன்னிரண்டுக்குள் தீவிலிருந்த நாலாயிரம் பேரையும் கரைக்குக் கொண்டுவந்து சாலை முனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. மிச்சம் ஒரே ஒரு பேருந்து. தீவு மருத்துவமனையின் நோயாளிகள் முப்பத்தெட்டு பேரை ஏற்றவேண்டிய வண்டி அது, ஓட்டுபவர் மெல்கியூர். பிராணவாயு உருளைகளைக் கட்டி ஏற்றுவதில் தாமதமாகிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் சகர்பான் கரை முனையில் தடுப்பை இறக்கி, அந்த ஒரு பேருந்தைத் தவிர வேறெதையும் விடக்கூடாது என்று உத்தரவு போட்டாள். புயலுக்கு முன்னால் சாலைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும், இனி அலை அடிக்கிற அடியிலேயே அது இறுகிக்கொள்ளும் என்பது அவள் கணக்கு. அன்பினால் போட்ட கணக்கு. அதுதான் தப்பாகப் போனது.

இரண்டரை மணிக்கு மெல்கியூரிடமிருந்து அழைப்பு வந்தது. கரைக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றுவிட்டது.

"மேடம், ரோடு பஞ்சு மாதிரி இருக்கு. பின்சக்கரம் ரெண்டும் இறங்கிருச்சு. உள்ள உள்ளவங்களுக்கு நான் இன்னும் சொல்லல."

சகர்பான் தடுப்பருகே இருந்த, சாலையின் இறுக்கத்தை எண்களில் காட்டும் இறுக்கமானிப் பலகையைப் பார்த்தாள். அலைகள் சாலையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தன, எண்களோ இறங்கிக்கொண்டே இருந்தன. சாலைக்கு அடியில் புதைத்திருந்த, ஒரே சீராகத் தட்டும் அதிர்விகளை முடுக்கினாள். எண்கள் ஏறின, ஐந்தே நிமிஷத்தில் மறுபடி இறங்கின. அவளுக்கு ஒரே தாளத்தில் வருகிற எதையும் அந்த உயிர் பழகிக்கொண்டு தூங்கிவிடுகிறது என்று அப்போதுதான் புரிந்தது. அலை அடிக்கும்போதெல்லாம் விறைத்துக்கொண்டிருந்தால் கடலில் எந்த உயிர் பிழைக்கும்? இத்தனை வருஷமாக ஒவ்வொரு சின்னப் புயலிலும் யாராவது ஒரு உப்பு லாரிக்காரர் அவசரம் என்று போய்வந்திருக்கிறார். சாலை தாக்குப்பிடித்தது அவர்களால்தான். இப்போது வேறு வண்டியை அனுப்பினாலும் அதுவும் புதையும். ஆழ்ந்து தூங்குகிற தோல் விழிக்கும்வரை சக்கரம் காத்திருக்காது.

தடுப்பின் அருகே பெர்னதெத்து நின்றிருந்தாள். மெல்கியூரின் மனைவி. விஷயம் காதில் விழுந்ததும் அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தடுப்புக்குக் கீழே குனிந்து நுழைந்து சாலையில் ஓட ஆரம்பித்தாள். கணுக்கால்வரை புதைந்தது, பிடுங்கிக்கொண்டு ஓடினாள், வழுக்கினாள், நின்றாள், மறுபடி ஓடினாள்.

சகர்பான் கூப்பிட வாயெடுத்தவள் பலகையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பெர்னதெத்து கடந்த இடத்திலெல்லாம் எண்கள் ஏறியிருந்தன. ஏறியவை இறங்கவில்லை. ஒரு எட்டு போல இன்னொரு எட்டு இல்லாத நடை, அந்த உயிருக்குப் பழகவே முடியாத நடை.

சகர்பான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். ஒலிபெருக்கியில் உள்ளதை உள்ளபடி சொன்னாள்: சாலையை மூடியது நான், அதனால் அது தூங்கிவிட்டது, மனிதர்கள் நடந்தால்தான் விழிக்கும், வாருங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொல்லி முடிப்பதற்குள் ஆட்கள் மீன்பிடிக் கயிறுகளை இடுப்பில் கட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள்.

கைக்குழந்தைக்காரர்களையும் முடியாதவர்களையும் தவிர அத்தனை பேரும் இறங்கினார்கள். பத்துப் பத்துப் பேராகக் கயிற்றில் கோத்துக்கொண்டு, கடல் இரண்டு பக்கமும் எழும்பி நடுவில் உடைய உடைய நடந்தார்கள். பிறகு அவர்கள் எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னது, காலுக்கடியில் சாலை விழிப்பது தெரிந்தது என்பதுதான். முதலில் சதை மாதிரி இருந்தது, பிறகு மரம் மாதிரி, பிறகு பாறை. கடல் பக்க விளிம்பு அவர்கள் கண்ணெதிரே ஒரு முழம் உயர்ந்து வளைந்து அலையைத் திருப்பி அனுப்பியது. அதைப் பார்த்த சிலர் அந்தத் தண்ணீரிலேயே முழங்கால் போட்டார்கள். சகர்பானும் கயிற்றில் ஒருத்தியாக நடந்தாள். தான் வளர்த்தது இவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. அழுகை வந்தது, அழுதுகொண்டே நடந்தாள்.

கூட்டம் பேருந்தைச் சூழ்ந்து நின்று மிதித்தது. சக்கரங்களுக்கு அடியில் தரைத்தோல் இறுகி, உள்ளங்கையில் ஏந்துவதுபோல வண்டியை மேலே தூக்கிக் கொடுத்தது. மெல்கியூர் முதல் கியரிலேயே வண்டியை ஊரவிட்டுக் கொண்டுவந்தார். முப்பத்தெட்டு பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். நடந்து வந்தவர்கள் கரைக்குத் திரும்பவில்லை. நின்றால் சாலை போகும், சாலை போனால் தீவு போகும். முறைபோட்டு, புயல் கடந்து போகும்வரை நடந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நடந்ததையெல்லாம் சகர்பான் அறிக்கையாக எழுதினாள். அவள் எழுதியதிலேயே அழகான அறிக்கை அது. மேலிடத்தில் அதைப் படித்து வியந்தார்கள், பாராட்டினார்கள், பிறகு அதை வைத்து ஒரு விதி செய்தார்கள். சாலை நிலைக்க நாலாயிரம் பேரின் நடை தேவை. ஆகவே நெடுந்திட்டின் குடித்தொகை நாலாயிரத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. சகர்பான் வசிக்கும் சாலைப் பணியாளர் குடியிருப்பும் இந்தக் கணக்கில் அடக்கம்.

மறுவருஷம் பெர்னதெத்து சகர்பானின் அலுவலகத்துக்கு வந்தாள். திருநெல்வேலியில் மகளுக்குப் பிரசவம், மெல்கியூருக்கும் அங்கேயே வேலை கிடைத்திருக்கிறது, இனி அங்கேதான் இருக்கப்போகிறோம் என்று சொல்லி விண்ணப்பத்தை நீட்டினாள்.

"உங்களுக்குப் பதிலா நடக்க ரெண்டு பேர் தீவுக்குக் குடிவந்தா போகலாம்க்கா," என்றாள் சகர்பான். பெர்னதெத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"வந்தா திரும்பிப் போக முடியாதுன்னு தெரிஞ்சும் யாரு மேடம் வருவா? நெனச்ச நேரம் வெளிய போகத்தானே இந்த ரோட்டப் போட்டீங்க?"

சகர்பான் விண்ணப்பத்தை வாங்கி, ஏற்கெனவே வந்திருந்த அறுபத்து மூன்று விண்ணப்பங்களுக்கு அடியில் வைத்தாள். அந்த அடுக்கில் பதினேழாவது சகர்பானுடையது.