ஐந்து நாள் கிடந்த புட்டி

தையல்நாயகி நீட்டிய காப்பியை வீரபத்திரன் தொடவில்லை. அவர் அவள் கணவனின் அண்ணன். பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் ஏற்றுபவர். அவர் மனைவி பூவம்மாளுக்கு மார்பில் புற்றுநோய். அவளுடைய சதைத்துணுக்கைச் சோதித்த ஆய்வுக்கூடத்தில்தான் தையல்நாயகிக்கு வேலை. ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டி கட்டுப்படாது என்று முடிவு வந்தது. அதை நம்ப வேண்டாம், மறுபடியும் சதை எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் சொன்னவளும் அவளே.

"நீ சொதப்பனதுக்கு எம் பொண்டாட்டி ரெண்டாந்தரம் குத்து வாங்கினாளே..."

மூன்று வாரமாக இதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கணவன் மணிவண்ணனோ தறிக்குழியிலிருந்து தலை நிமிரவில்லை.

நுண்ணோக்கியில் அவள் கண்டது வேறு. சோதனைச் சாயத்தில் நிறம் ஏற்கும் கட்டிக்குத்தான் மாத்திரை கேட்கும். கட்டியின் செல்கள் நிறம் ஏற்கவில்லை. அருகிலிருந்த நல்ல செல்களும் ஏற்கவில்லை. எப்போதும் பழுப்பாக வேண்டியவை அவை. அதே சாயத்தில் மற்றவர்களின் துணுக்குகள் நிறம் ஏற்றிருந்தன. அப்படியானால் பிழை இந்தத் துணுக்கில். புட்டியின் மேலிருந்த தேதியைப் பார்த்தாள்: எடுத்து ஐந்து நாள் கழித்தே வந்திருந்தது. தறியில் பாவு நூல் பூட்டிய வீட்டுக்குள் சதை நுழையலாகாதென்று, ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டிய அதைச் சாயக் கொட்டகையில், கொதிக்கும் அண்டாவின் அருகில் வைத்தவர் வீரபத்திரன். மறுநாள் கருட சேவை. கூட்டத்தில் மறந்தும் போனார். சதை கெடாமல் காக்கும் மருந்துநீரில் ஒருநாள் ஊற வேண்டியது ஐந்து நாள் வெந்தது.

ஐந்து நாள் தாமதத்தை மட்டும் மருத்துவரிடம் சொன்னாள். வீட்டில் சொல்லவில்லை. நோயில் கிடப்பவள் சோறூட்டும் கையை வெறுக்கக் கூடாது என்று நினைத்தாள்.

இரண்டாம் புட்டியை எடுத்த மணிநேரத்திலேயே அவளே கொண்டுபோனாள். அதன் முடிவு இப்போது அருகில் உட்கார்ந்திருந்த பூவம்மாளின் மடியில் இருந்தது.

"நூத்துக்கு எம்பது செல்லு நெறம் புடிச்சிருக்குது. மாத்திர கேக்குமாம்," என்றாள் பூவம்மாள். "அஞ்சு நாளு எங்க வச்சிருந்தீங்கன்னு டாக்டரு எங்கிட்டதான் கேட்டாரு. அண்டா பக்கத்துல வச்சது நீதானய்யா? இவ வாயே தெறக்கல. நீ ஊரெல்லாம் பேசிக்கினு இருந்த."

வீரபத்திரனின் முகம் வெளிறியது. அளவுக்கு மீறி வெந்தது நிறம் பிடிக்காது என்பதற்கு, நாற்பது வருடமாகச் சாயம் ஏற்றியவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கண் கலங்க, கைகூப்பி எழுந்தார்.

"எங்கிட்ட வேணாம் மாமா," என்றாள் தையல்நாயகி. குரல் உயரவில்லை, கோபம் தணியவும் இல்லை. "தெருவுல சொன்னீங்க. தெருவுலயே போய்ச் சொல்லுங்க."

பூவம்மாள் அவள் கையைப் பற்றிக்கொண்டாள். வீரபத்திரன் செருப்பில்லாமல் படியிறங்கினார். அவர் சொல்வதைக் கேட்க எதிர்வீட்டுத் தறி முதலில் நின்றது, பிறகு அதற்கடுத்தது.

ஆறிய காப்பியைத் தையல்நாயகி கொட்டிவிட்டு வேலைக்குப் புறப்பட்டாள்.